டாட்ஜ் டார்ட்டின் பின்னால் அகல டயர்: ஸ்பிரிங்கை அரை அங்குலம் உள்ளே தள்ளும் வேலை

1967 முதல் 1976 வரை வந்த டாட்ஜ் டார்ட்டும், பிளிமத் வேலியன்ட்டும், 1970-இல் சேர்ந்த டஸ்டரும் ஒரே குடும்பம். கிரைஸ்லர் இவற்றை 'ஏ-பாடி' என்று வகைப்படுத்தியது. அடிப்படையில் சிக்கனமான குடும்பக் கார்கள். ஆனால் முன்னால் 340, 383 கன அங்குல வி8 இன்ஜின்களைப் பொருத்தினார்கள். 1969-இல் 440 கூட வந்தது. பின் சக்கரம் உட்காரும் இடம் மட்டும் சிக்கனக் காரின் இடமாகவே நின்றுவிட்டது. ஆக்ஸிலரேட்டரை அழுத்தினால் அந்தக் காலத்து ஒல்லி டயர் நின்ற இடத்திலேயே சுற்றும். அதனால்தான் இந்த வண்டி வைத்திருப்பவர்கள் எல்லோருக்கும் பின்னால் அகல டயர் போடும் ஆசை வருகிறது.

அந்த டயரை உள்பக்கம் தடுப்பது லீஃப் ஸ்பிரிங், அதாவது பின் ஆக்ஸிலைத் தாங்கும் எஃகுப் பட்டை அடுக்கு. வெளிப்பக்கம் தடுப்பது மட்கார்டின் மடிப்பு விளிம்பு. இந்த இரண்டுக்கும் நடுவில் இருப்பதுதான் மொத்த இடம். ஸ்பிரிங்கை ஒவ்வொரு பக்கமும் அரை அங்குலம், அதாவது 12.7 மி.மீ., உள்ளே நகர்த்துவது இந்தக் கார்களில் பல பத்தாண்டுகளாக நடக்கும் வேலை. சேசிஸை வெட்ட வேண்டாம், டிக்கித் தரையைத் தொட வேண்டாம், பின் சீட்டைக் குறுக்க வேண்டாம். இத்தனை சிறிய வேலைக்கு இவ்வளவு பலன் வேறு எதிலும் கிடைக்காது. ஆனால் கணக்கை முதலில் போட வேண்டும். டயரையும் ரிம்மையும் வாங்கிவிட்டு அதற்கேற்ப ஸ்பிரிங்கை நகர்த்தக் கிளம்புபவர்கள்தான் இரண்டு முறை செலவு செய்கிறார்கள்.

கணக்கு இது. 8¾ அங்குல டிஃபரன்ஷியல் (பின் ஆக்ஸிலின் நடுவில் உள்ள பல்சக்கரப் பெட்டி) பொருத்திய 1965–72 ஏ-பாடியில், ஒரு பக்கம் சக்கரம் உட்காரும் முகத்திலிருந்து மறுபக்க முகம் வரை ஏறத்தாழ 57⅛ அங்குலம். இரண்டு ஸ்பிரிங் சீட்டுகளும், அதாவது ஆக்ஸில் குழாயில் ஸ்பிரிங் உட்காரும் தட்டுகளும், நடுவுக்கு நடு 43 அங்குலம். கழித்துப் பாதியாக்கினால் 7.06. ஸ்பிரிங் பட்டையின் அகலம் 2½ அங்குலம். அதில் பாதியான 1.25-ஐக் கழித்தால், சக்கரம் உட்காரும் முகத்துக்கும் ஸ்பிரிங்கின் வெளி ஓரத்துக்கும் இடையில் 5.8 அங்குலம் இருக்கும். பிரேக் டிரம்மின் முகத் தடிமன் இன்னும் ஓரிரு மி.மீ. தரும், அதை நம்ப வேண்டாம், உபரியாக வைத்துக்கொள்ளுங்கள்.

இனி டயர். அளவு எண்ணில் முதலாவது மி.மீ.யில் அகலம், அடுத்தது அந்த அகலத்தில் பக்கச் சுவரின் உயரம் எத்தனை சதவீதம் என்பது, கடைசி ரிம்மின் விட்டம். 235/60-15 டயரின் அகலம் 9.25 அங்குலம். 255/60-15 என்றால் 10.04. 275/60-15 என்றால் 10.83. ரிம்மை அரை அங்குலம் அகலப்படுத்தினால் டயர் சுமார் 5 மி.மீ. விரியும். பக்கவாட்டில் எழுத்து துருத்திக்கொண்டிருந்தால் அது தனி. ஒரே அளவு எண் போட்ட டயர்கள்கூடக் கம்பெனிக்குக் கம்பெனி சில மி.மீ. மாறும்.

ரிம்மின் பேக் ஸ்பேசிங் என்பது, ரிம்மின் உள் விளிம்புக்கும் அது ஹப்பில் உட்காரும் முகத்துக்கும் உள்ள தூரம். 8 அங்குல ரிம்மை ஓரத்திலிருந்து ஓரம் அளந்தால் ஏறத்தாழ 9 அங்குலம் வரும். ஆகவே 4½ பேக் ஸ்பேசிங் என்றால் டயர் உள்ளேயும் வெளியேயும் சரிபாதி. அப்படிப் பொருத்திய 255 டயர் உள்ளே 5.02 அங்குலம் நீளும். பழைய இடத்தில் இருக்கும் ஸ்பிரிங்குக்கும் அதற்கும் நடுவே 0.8 அங்குலம் மிஞ்சும். உள்பக்கம் போதும். ஆனால் வெளியேயும் அதே 5.02 நீளுகிறதே, மட்கார்டின் மடிப்பு அதை விடாது. பெரும்பாலான டார்ட்களில் முதலில் உரசுவது வெளி விளிம்புதான்.

எனவே ஸ்பிரிங்கை உள்ளே தள்ளிக் கிடைக்கும் அரை அங்குலத்தை வெளி விளிம்புக்காகத்தான் செலவழிக்கிறோம். ஸ்பிரிங் நகர்ந்ததும் 5.8 என்பது 6.3 ஆகிறது. இப்போது 5 அங்குல பேக் ஸ்பேசிங் உள்ள ரிம்மைப் போட்டு டயரை உள்ளே இழுக்கலாம். 255 டயர் உள்ளே 5.52 நீளும், ஸ்பிரிங்குக்கு 0.8 மிச்சம். வெளியே 4.52 மட்டுமே. சரிபாதியாக உட்காரும் 235 டயரைவிடக் குறைவு! 255 டயருக்கு இது நிம்மதியான அமைப்பு. 275 வேண்டுமென்றால் 4¾ பேக் ஸ்பேசிங்கில் உள்ளே 5.66, வெளியே 5.16 ஆகும். ஸ்பிரிங்குக்கு 0.65 கிடைக்கும், ஆனால் மட்கார்டு விளிம்பைக் கட்டாயம் மடிக்க வேண்டும். ஸ்பிரிங்குக்கும் டயருக்கும் குறைந்தது அரை அங்குலம் விட வேண்டும். லீஃப் ஸ்பிரிங்கைத் தவிர ஆக்ஸிலைப் பக்கவாட்டில் பிடித்து நிறுத்த இதில் வேறு எதுவும் இல்லை. வளைவில் பட்டையும் ரப்பர் புஷ்ஷும் விட்டுக்கொடுக்கும். நின்ற நிலையில் தெரியும் இடைவெளி ஓட்டத்தில் இருக்காது.

மேலே சொன்ன எண்கள் தொழிற்சாலைக் கணக்கு. உங்கள் வண்டியை அளந்தே ஆக வேண்டும். இந்தக் கார்களின் பாடி இரண்டு பக்கமும் ஒன்றுபோல் இருக்காது; ஆக்ஸிலோடு ஒப்பிட்டால் கால் அங்குலம் ஒரு பக்கமாக ஒதுங்கியிருப்பது சாதாரணம். பழைய விபத்தில் தட்டி நிமிர்த்திய மட்கார்டு இன்னும் மோசம். இரண்டு பக்கமும் அளந்து, எந்தப் பக்கம் இடம் குறைவோ அதை வைத்தே டயரை முடிவு செய்யுங்கள். அளக்கும்போது ஸ்டாண்டு ஆக்ஸிலுக்குக் கீழே இருக்க வேண்டும். சேசிஸுக்குக் கீழே வைத்தால் ஆக்ஸில் தொங்கி, எல்லா அளவும் பொய்யாகும். பெட்ரோல் டேங்க் பாதியாவது நிறைந்திருக்கட்டும்.

ஆக்ஸிலுக்கு நேராக அளந்தால் போதும் என்று நினைப்பது பொதுவான தவறு. ஆக்ஸிலுக்கு நேரே இருப்பது ரிம்மின் உள்வெளி. அங்கே ஸ்பிரிங்கை ஆக்ஸிலோடு கட்டும் யூ போல்ட்டும் பிரேக் தட்டும்தான். டயரின் பக்கச் சுவர் புடைத்து ஸ்பிரிங்கைக் கடப்பது ஆக்ஸிலுக்கு முன்னும் பின்னும் 10, 11 அங்குலத் தொலைவில். பட்டைகளைச் சேர்த்துப் பிடிக்கும் கிளாம்ப் அந்த இடத்தில் இருந்தால், அதன் போல்ட் தலைதான் டயரைக் கிழிக்கும். அளவுநாடாவை மட்டும் நம்பாமல், வாங்கப்போகும் டயரின் விட்டத்துக்கு ஒரு பிளைவுட் வட்டம் வெட்டிக்கொள்ளுங்கள். 275/60-15-க்கு 28 அங்குலம், 255/60-15-க்கு 27. அதை ஹப்பில் மாட்டி, மரை போட்ட கம்பிகளை டயரின் உள் அகலத்துக்கும் வெளி அகலத்துக்கும் நீட்டிச் சுற்றிப் பாருங்கள். எங்கே இடிக்கும் என்பது ஒரு ரூபாய்க்கும் டயர் வாங்கும் முன்பே தெரிந்துவிடும்.

தேவையான பொருள்கள் அதிகம் இல்லை. ஸ்பிரிங்கின் முன் முனையைச் சேசிஸில் பிடிக்கும் ஹேங்கர், கண் அரை அங்குலம் உள்ளே தள்ளி வைத்தது, இரண்டு. ஸ்பிரிங்கின் பின் முனையைத் தாங்கி ஆடும் இணைப்பான ஷேக்கிளுக்கு, அதேபோல் தள்ளி வைத்த பிடிப்பு இரண்டு. 3 அங்குல ஹவுசிங் (ஆக்ஸிலின் வெளி உறை) குழாய்க்கும் 2½ அங்குலப் பட்டைக்கும் பொருந்தும் புதிய ஸ்பிரிங் சீட் இரண்டு. யூ போல்ட் நான்கும் புதிதாக. ஒருமுறை இறுக்கி நீண்ட யூ போல்ட்டை மறுபடி போட்டால் இறுக்கம் நிற்காது. புஷ்களையும் இந்தச் சமயத்திலேயே மாற்றிவிடுங்கள். பின் ஷேக்கிளை மட்டும் மாற்றும் மலிவுக் கிட்டுகளை வாங்காதீர்கள். பின்பக்கம் மட்டும் உள்ளே போனால் ஸ்பிரிங் கோணலாக நிற்கும், முன் கண்ணின் புஷ் ஒரு ஓரமாகத் தேயும், ஆக்ஸில் நேராக ஏறி இறங்காது.

உங்கள் வண்டியில் 7¼ அங்குல டிஃபரன்ஷியல் இருந்தால் முதலில் அதைப் பாருங்கள். ஆறு சிலிண்டர் இன்ஜினுக்குச் செய்த சாமான் அது. பழைய டயர் வழுக்கியதால்தான் அது இதுவரை பிழைத்தது. வி8-ஐயும் பிடிமானமுள்ள டயரையும் சேர்த்துப் போட்டால் பல்லோ ஷாஃப்ட்டோ போகும். 8¾ கிடைப்பது அரிதாகிவிட்டதால் பலர் 1995–2001 ஃபோர்டு எக்ஸ்ப்ளோரரின் 8.8 அங்குல ஆக்ஸிலைத் தேடுகிறார்கள். அதில் டிஸ்க் பிரேக் உண்டு. அதன் நீளப் பக்கக் குழாயை வெட்டி, இரண்டு பக்கமும் குட்டை ஷாஃப்ட்டையே போட்டால் மொத்த அகலம் 56½ அங்குலத்துக்கு அருகில் வரும். டார்ட்டுக்கு இது கச்சிதம். குழாய் 3¼ அங்குலம் என்பதால் ஸ்பிரிங் சீட்டை அதற்கேற்ப வாங்க வேண்டும்.

வீல் போல்ட் விஷயத்தையும் இங்கேயே முடித்துக்கொள்ளலாம். 1972 வரை வந்த ஏ-பாடிகளில் ஐந்து போல்ட்டும் 4 அங்குல வட்டத்தில் இருக்கும். அந்த அளவுக்கு அகல ரிம் கிடைப்பது கடினம். 4½ அங்குல வட்டத்துக்கு, அதாவது 114.3 மி.மீ.க்கு மாறினால் ரிம் தாராளமாகக் கிடைக்கும். போல்ட்டும் 7/16-லிருந்து ½ அங்குலமாகத் தடிக்கும். அறுபதுகளின் வண்டிகளில் இடப்பக்க நட் எதிர்த் திசையில் கழலும். அது தெரியாமல் நீளக் கம்பி போட்டு மிதித்து போல்ட்டை முறிப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

கழற்றும் வேலை நேரானது. வண்டியின் எடையை முன் ஹேங்கருக்கு முன்னால் சேசிஸில் ஸ்டாண்டு வைத்துத் தாங்குங்கள். புரொப்பெல்லர் ஷாஃப்ட், ஷாக் அப்சார்பர், நடுவில் இருக்கும் பிரேக் ரப்பர் ஹோஸ், ஹேண்ட் பிரேக் கேபிள் எல்லாவற்றையும் விடுவித்து ஆக்ஸிலை வெளியே எடுத்துவிடுங்கள். வண்டிக்கு அடியில் படுத்தபடி சீட் வெல்டிங் செய்யலாம் என்பவர்கள் உண்டு, நேராக வராது. முன் ஹேங்கரின் நட்டுகள் ஐம்பது ஆண்டுத் துருவில் இருக்கும். முதல் நாளே துரு நீக்கும் எண்ணெய் அடித்து ஊறவிடுங்கள். அந்த ஸ்டட் முறிந்தால் தரைத் தகட்டுக்குப் பின்னாலிருந்து மாற்ற வேண்டியிருக்கும், அது ஒரு நாள் வேலை. யூ போல்ட்டின் அடித் தட்டுகள் இடம், வலம் வேறு வேறு. கழற்றும்போதே குறி போட்டு வையுங்கள். மாற்றிப் போட்டால் ஷாக் அப்சார்பர் தவறான சாய்வில் நிற்கும்.

வேலையின் உயிர்நாடி ஸ்பிரிங் சீட். முன்னும் பின்னும் ஸ்பிரிங் அரை அங்குலம் நகர்ந்திருக்கும்போது ஆக்ஸிலில் சீட் பழைய இடத்திலேயே இருந்தால், பட்டைகளை நடுவில் கோக்கும் சென்டர் போல்ட் சீட்டின் துளையில் உட்காராது. பட்டையை வளைத்து, யூ போல்ட்டால் இழுத்துப் பிடித்து உட்கார வைத்துவிடலாம்தான். அந்த இழுவிசை முழுவதும் சென்டர் போல்ட்டின் தலையில் நிற்கும். அது அறுந்தால் ஆக்ஸில் பின்னோக்கி ஓடும். எனவே சீட்டை நகர்த்தித்தான் ஆக வேண்டும்: நடுவுக்கு நடு 43 என்பது 42 ஆக வேண்டும்.

பழைய சீட்டை கேஸ் கட்டரால் எடுக்காதீர்கள். கிரைண்டரால் வெல்டிங்கை மட்டும் அரைத்து, சீட்டைத் தட்டி எடுங்கள். குழாயில் பள்ளம் விழக் கூடாது. ஆக்ஸில் ஷாஃப்ட், பேரிங், சீல், பிரேக் பைப் எல்லாம் வெளியே வந்திருக்க வேண்டும். புதிய சீட்டுகளைக் குழாயில் சும்மா வைத்து, ஸ்பிரிங்கோடு சேர்த்து, யூ போல்ட்டைக் கையால் இறுக்கி, வண்டியின் முழு எடையையும் ஆக்ஸில் குழாய்க்குக் கீழே வைத்த ஸ்டாண்டுகளில் இறக்குங்கள். இப்போது இரண்டு அளவுகளைப் பார்க்க வேண்டும். ஒன்று, இரு பக்கமும் முன் ஹேங்கர் போல்ட்டிலிருந்து ஆக்ஸில் நடு வரை தூரம் சமமாக இருக்கிறதா என்பது. அடுத்தது பினியன் கோணம், அதாவது புரொப்பெல்லர் ஷாஃப்ட்டோடு சேரும் டிஃபரன்ஷியலின் முன் அச்சு (பினியன்) எவ்வளவு சாய்ந்து நிற்கிறது என்பது.

முடுக்கும்போது ஹவுசிங் எதிர்த் திசையில் முறுகி, ஸ்பிரிங்கை முறுக்கி, பினியனின் மூக்கை மேலே தூக்கும். அதனால் நிற்கும்போது மூக்கு சற்றுக் கீழே இருக்க வேண்டும்; இழுவையில் அது கியர்பாக்ஸுக்கு இணையாக வந்து சேரும். ரப்பர் புஷ் உள்ள தெரு வண்டிக்கு இணைகோட்டிலிருந்து 2 முதல் 3 டிகிரி கீழே வைத்தால் போதும். கியர்பாக்ஸின் வால் பின்னோக்கி 3 டிகிரி சரிந்திருந்தால், இணையாக நிற்கும் பினியனின் மூக்கு 3 டிகிரி மேல் நோக்கும். 2 டிகிரி குறைக்க, மூக்கை 1 டிகிரி மேல்நோக்கி நிறுத்துங்கள். இழுவைப் பந்தயத்துக்காகச் சொல்லும் 6, 7 டிகிரியைத் தெரு வண்டியில் வைத்தால் 80 கி.மீ. வேகத்தில் தரை அதிரும், யுனிவர்சல் ஜாயின்ட் சீக்கிரம் போகும். சீட் ஆப்பு வைத்துப் பிறகு சரிசெய்யலாம் என்று தள்ளிப்போட வேண்டாம். இந்த ஒரு தருணத்தில்தான் கோணத்தை இலவசமாகச் சரி செய்ய முடியும்.

கோணம் சரியான பிறகு ஒவ்வொரு சீட்டுக்கும் நான்கு இடத்தில் டாக் (சிறு புள்ளி வெல்டிங்) அடித்து, ஆக்ஸிலை மறுபடி வெளியே எடுத்து முழு வெல்டிங் செய்யுங்கள். ஒரே மூச்சில் ஓட்டக் கூடாது. ஓர் அங்குலம் இழுத்துவிட்டு எதிர்ப் பக்க சீட்டுக்குப் போய் ஓர் அங்குலம், பிறகு முன்புறம், பிறகு பின்புறம் என்று மாற்றி மாற்றிப் போக வேண்டும். இடையில் கை வைக்கும் சூட்டுக்கு ஆறவிடுங்கள். தண்ணீர் ஊற்றாதீர்கள். வெல்டிங் ஆறும்போது இழுக்கும். ஒரு பக்கமே சூடேற்றினால் குழாய் வாழைப்பழம்போல் வளையும். வளைந்த ஹவுசிங்கில் பேரிங் நிற்காது, டயரும் ஒரு ஓரம் தேயும். 8¾ ஆக்ஸிலுக்கு இன்னொன்று: அறுபதுகளின் டேப்பர் பேரிங் உள்ளவற்றில் ஷாஃப்ட்டின் நீளவாட்டு ஆட்டத்தை வலப்பக்கம் உள்ள அட்ஜஸ்டரால் 0.008 முதல் 0.018 அங்குலத்துக்குள் வைக்க வேண்டும். வெல்டிங்கில் குழாய் சுருங்கியிருந்தால் இந்த ஆட்டம் மாறியிருக்கும். டயல் கேஜ் வைத்து அளக்காமல் மூடாதீர்கள்.

மறுபடி மாட்டும்போது ஸ்பிரிங்கின் முன் கண் போல்ட்டையும் ஷேக்கிள் போல்ட்டையும் ஆக்ஸில் தொங்கும்போது முழுதாக இறுக்கக் கூடாது. வண்டி தரையில் நின்ற பிறகுதான் சர்வீஸ் புத்தகத்தில் உள்ள டார்க்குக்கு இறுக்க வேண்டும். தொங்கும்போது இறுக்கினால் ரப்பர் புஷ் நிரந்தரமாக முறுக்கிக்கொண்டு, வண்டியின் பின்பகுதியை உயரத் தூக்கிப் பிடிக்கும், ஒரு வருஷத்தில் கிழியும். பின் சேசிஸை ஷேக்கிள் உரசுகிறதா என்று பாருங்கள். ஆக்ஸிலுக்கு மேலே வளைந்து போகும் சைலன்சர் பைப்புக்கும் ஸ்பிரிங்குக்கும் இருந்த இடைவெளி இப்போது அரை அங்குலம் குறைந்திருக்கும். இரட்டைக் குழாய் வைத்த வண்டிகளில் பைப்பை மறுபடி வளைக்க வேண்டி வரலாம்.

மட்கார்டு விளிம்பு என்பது வெளித் தகடும் உள்வளைவுத் தகடும் ஸ்பாட் வெல்டிங்கில் சேரும் மடிப்பு. கிரைண்டரால் அதை வெட்டி எறிபவர்கள் இரண்டு தகடுகளையும் பிரித்துவிடுகிறார்கள். தகடு உறுதி இழக்கும், நடுவில் தண்ணீர் இறங்கும். வெட்டினால் ஓரம் முழுக்க மறுபடி வெல்டிங் வேண்டும். மடிப்பது மேல். ஹீட் கன்னால் பெயின்ட்டைக் கை பொறுக்காத சூடு வரை ஏற்றி, வளைவின் நடுவில் தொடங்கி இரு பக்கமும் கொஞ்சம் கொஞ்சமாக, நாலைந்து சுற்றில் மடியுங்கள். ஒரே சுற்றில் மடித்தால் வெளித் தகட்டில் அலை விழும். மடித்ததும் உள்ளே இருந்த பழைய சீலர் வெடித்திருக்கும். சுத்தம் செய்து புதிய சீலரும் அடிப் பூச்சும் அன்றே போடுங்கள். துரு அங்கிருந்துதான் தொடங்கும்.

பின்பக்கத்தை உயர்த்திவிட்டால் டயர் இடிக்காது என்று நீள ஷேக்கிளும் காற்று ஷாக்கும் போடும் வழக்கம் எழுபதுகளில் பரவலாக இருந்தது. இன்றும் சிலர் செய்கிறார்கள். வேண்டாம். நீள ஷேக்கிள் பக்கவாட்டில் ஆடும், பினியன் கோணத்தைக் கெடுக்கும். ஷாக்கின் மேல் பிடிப்பு அதிர்வைத் தாங்கச் செய்தது, வண்டியின் எடையைத் தாங்கச் செய்ததல்ல. காற்று ஷாக் அந்தக் குறுக்குத் தகட்டைக் கிழிக்கும்.

275-க்கு மேல் போக ஆசைப்பட்டால் இந்த அரை அங்குலம் போதாது. ஸ்பிரிங்கைச் சேசிஸுக்கு நேர் கீழே, ஏறத்தாழ 3 அங்குலம் உள்ளே கொண்டுபோய், சக்கர வளைவுத் தகட்டையும் வெட்டி அகலப்படுத்த வேண்டும். அது வேறு வகை வேலை, வேறு வகைச் செலவு. தினமும் தெருவில் ஓட்டும் காருக்கு அது தேவையில்லை என்பது எங்கள் உறுதியான கருத்து. பின்னால் அவ்வளவு அகலம் போட்டு முன்னால் ஒல்லி டயர் இருந்தால், வளைவில் முன்பக்கம் திரும்பாமல் நேரே போகப் பார்க்கும். மழைத் தண்ணீரில் அகல டயர் சீக்கிரம் மிதக்கும்.

அம்பாசடரிலும் பின்னால் லீஃப் ஸ்பிரிங்கும் ஒரே துண்டு ஆக்ஸிலும்தான். அளக்கும் முறை, பினியன் கோணம், வெல்டிங் முறை எல்லாம் அதற்கும் பொருந்தும், எண்கள் பொருந்தாது. ஆனால் இந்தியாவில் மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு உண்டு. தயாரிப்பாளரின் அளவுகளுக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் உறுதி செய்தது. ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கேட்காமல் கிரைண்டரை எடுக்காதீர்கள்.

வண்டி தரையில் நின்றதும் உடனே நெடுஞ்சாலைக்குப் போக வேண்டாம். ஒரு பக்கச் சக்கரத்தை மட்டும் ஜாக்கியால் ஏற்றி, மறுபக்கம் தாழ்ந்திருக்கும்போது நான்கு ஓரமும் பாருங்கள். வளைவில் டயர் நிற்கும் நிலைக்கு அதுவே நெருங்கியது. ஆக்ஸில் மேலே ஏறும்போது டயர் சக்கர வளைவின் கூரையைத் தொடும் முன் பம்ப் ஸ்டாப் (ஆக்ஸிலை நிறுத்தும் ரப்பர் தடுப்பு) தொட வேண்டும். பிறகு டயரின் இரு தோள்களிலும் சாக்பீஸைத் தடவி, டிக்கியில் மூட்டை ஏற்றி, பின் சீட்டில் ஆள் உட்கார வைத்து, மெதுவாக வேகத்தடைகளிலும் இறுக்கமான வளைவுகளிலும் ஓட்டுங்கள். சாக்பீஸ் அழிந்த இடமும், அது ஒட்டிய தகடும் பதில் சொல்லும். யூ போல்ட்டுகளை முதல் 100 கி.மீ.யில் ஒரு முறையும், 500-இல் ஒரு முறையும் டார்க் பார்த்து இறுக்குங்கள். பட்டைகள் புதிய சீட்டில் படிந்து உட்காரும்போது இறுக்கம் குறைவது இயல்பு.

ஸ்பீடோமீட்டரை மறந்துவிடாதீர்கள். 26.1 அங்குல உயரமுள்ள 235/60-லிருந்து 28 அங்குல 275/60-க்குப் போனால் 7 சதவீத வித்தியாசம். முள் 80 காட்டும்போது வண்டி 86-இல் போகும். கியர்பாக்ஸின் வாலில் இருக்கும் சிறு பிளாஸ்டிக் ஸ்பீடோமீட்டர் பினியனை (பல்சக்கரத்தை) மாற்றினால் சரியாகும். 32 பல் இருந்தால் 30 பல் போட வேண்டும். அதைத் தாங்கும் உறையில் 26–31, 32–38, 39–45 என்று குறிகள் இருக்கும். புதிய பல் எண்ணிக்கைக்குரிய குறி கீழே வரும்படி உறையைத் திருப்பிப் பூட்டுங்கள். துளை நடுவில் இல்லாமல் ஒதுங்கியிருப்பதால், பழைய நிலையிலேயே பூட்டினால் பற்கள் சரியாகக் கவ்வாமல் புதிய பினியன் தேய்ந்துபோகும்.